எட்டுச்செலவுக்கு வந்த இறைச்சி

மில்லிக்கன்
9 செப்ரெம்பர் 2024

இராசரத்தினம் அறிய வேண்டியது,

நீர் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. சுகம் என்று மகள் ரதி கேளாமலே சொல்லிவிட்டாள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். உம்முடைய குரலும் உமது அண்ணன் இவருடைய குரலும் ஒன்று. இரண்டு வருசத்துக்கு முன்னம் இவருடைய செத்தவீட்டில் எனக்குப் பின்னால் நின்று "கார் வந்திட்டுது" என்றீர். நான் திரும்பிப் பாராமல் "வாறன், கொஞ்சம் பொறுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் கிடக்கிற மனுசனுக்கு மறுமொழி சொல்கிறாள் என்று சனம் என்னைப் பார்த்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், எட்டுச்செலவு முடிந்தால் உம்முடைய குரலை இனி என் காதில் விழுத்துவதில்லையென்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்து வாசியும்.

விசயம் இதுதான். சனிக்கிழமை ரதியும் பேத்தி நிலாணியும் என்னை ஸ்ரீல்ஸ் ரோட்டுப் பிளாசாவில் புதிதாகத் திறந்த கடைக்குக் கூட்டிப்போனார்கள். இறைச்சி வைக்கும் குளிர்ப்பெட்டிக்கு மேலே என் உயரத்துக்கு ஒரு படம். மான் படம். கொம்பெல்லாம் விரித்துக்கொண்டு நேராக என்னைப் பார்க்கிறது. எழுத்தை நிலாணியை வாசிக்கச் சொன்னேன். கொழுப்பில்லாத இறைச்சி, உங்கள் மாகாணத்துப் பண்ணைகளிலிருந்து என்றாள். அடியில் சின்ன எழுத்தில், இந்த விளம்பரத்துக்கான செலவு மான் வளர்ப்பவர்களின் லெவியிலிருந்து என்று இருந்ததாம்.

லெவி எனக்குத் தெரியாத சொல் இல்லை. மான் ஒன்றை வெட்டுமிடத்துக்கு அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று மான் பண்ணைக்காரர் சங்கம் கழித்துக்கொள்வது. இவர் அதைத் தண்டம் என்றுதான் சொல்லுவார். "இந்த மாசமும் தண்டம் அழுதாச்சு" என்று சொல்லிக்கொண்டே சோற்றில் கை வைப்பார்.

அந்தப் படத்தில் நின்றது சுட்டியன்.

இல்லை என்று எழுதாதையும். நெற்றியில் சரிந்த திருநீற்றுக்குறி மாதிரி வெள்ளை. எத்தனை மானுக்கு அப்படி இருக்கிறது? "அம்மம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ டியர்" என்று, வெறும் மான்தானே என்கிற மாதிரி, நிலாணி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கையை உதறிவிட்டு அங்கேயே நின்றேன். என்ரை மனுசனை வேலியோடு வைத்துக் குத்தியது, கோழித்தொடைக்கும் ஆட்டு ஈரலுக்கும் மேலே வடிவாக நிற்கிறது.

செத்தவீட்டு மண்டபத்தில் நான் உம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பணம் கேட்டேனா, பண்ணையில் பங்கைப் பிரித்துத் தரச் சொன்னேனா? "எட்டுச்செலவுக்கு அவருக்குப் படைக்க அந்த மானின்ரை இறைச்சிதான் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றேன். உமது அக்கா என்னைப் பைத்தியம் என்றா. நீர் தலையாட்டினீர். எட்டாம் நாள் காலையில் பொதி கொண்டுவந்து தந்தீர். "சுட்டியன்தானே?" என்று உம்முடைய கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "ஓம் அண்ணி" என்றீர்.

கறி கொதிக்கும்போதே எனக்கு ஐமிச்சம். மதம் பிடிக்கிற ஒக்ரோபர் மாதத்து ஆண்மான். கிடாய் ஆட்டுக்கு இருக்கிறதைவிட மொச்சை நாற்றம் இருக்கவேண்டும், வீட்டுச் சீலையெல்லாம் மணக்கவேண்டும். ஒரு மொச்சையும் இல்லை. பஞ்சு மாதிரி வெந்தது. அழுகிற வீட்டில் மூக்கடைத்திருக்கும் என்று என்னையே நான் ஏமாற்றினேன்.

சுட்டியன் உயிரோடு நிற்கிறதா இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுதும். கடிதத்தில் எழுதும்.

தவமணி


லின்சேக்கு வடக்கே
18 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வந்தது. அண்ணையின் எட்டுச்செலவுக்குப் பிறகு உங்களிடமிருந்து வந்த முதல் சொல் என்றபடியால், உள்ளே என்ன இருந்தாலும் சந்தோசப்பட்டேன்.

படத்தைப் பற்றிக் குழம்பவேண்டாம். சங்கத்தார் பல பண்ணைகளில் எடுத்த படங்கள் அவர்களிடம் கிடக்கின்றன. அது அண்ணை இருந்த காலத்தில் எடுத்த பழைய படமாக இருக்கும். விளம்பரக்காரர்கள் வடிவானதைத் தேடிப் போட்டிருப்பார்கள்.

நானே உங்களுக்கு எழுத இருந்தேன். இதோடு ஒரு வாக்குத்தாள் வைத்திருக்கிறேன். லெவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று சங்கம் நவம்பர் கடைசியில் வாக்கெடுக்கிறது. ஒரு பண்ணைக்கு ஒரு வாக்கு. அண்ணையின் பங்கு இப்போது உங்கள் பேரில் இருப்பதால், எங்கள் பண்ணையின் வாக்குச் செல்ல உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

பெரிய பண்ணைக்காரர் நிறுத்தச் சொல்கிறார்கள். அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. எங்களைப்போல சின்ன ஆட்களுக்குத்தான் அது வேண்டும். நாங்கள் கட்டுகிற லெவிக்கு ஈடாக அரசாங்கமும் அதேயளவு போடுகிறது. இரண்டையும் சேர்த்து, ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிற இரட்டைக் கேற் போடவும், ஆள் உள்ளே போகாமலே மானை ஒதுக்கி எடுக்கிற, மரச்சுவர் வைத்த ஒடுங்கின ஒழுங்கை கட்டவும் உதவிப்பணம் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தைச் சங்கக் குழுவில் ஒரு ஆளாக இருந்து கேட்டு வாங்கியவன் நான். ஏன் கேட்டேன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லெவி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

தயவு செய்து கையெழுத்து வைத்து அனுப்புங்கள். ரதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இராசரத்தினம்


மில்லிக்கன்
27 செப்ரெம்பர் 2024

இராசரத்தினம்,

ஓம் அல்லது இல்லை என்று கேட்டேன். நீர் எனக்கு அரசாங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்.

பழைய படமாம். உமது கடிதம் கிடைத்த அன்றைக்கே ரதியைக் கொண்டு திரும்பவும் அந்தக் கடைக்குப் போனேன். "அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்றாள். பார்க்கட்டும். படத்தடியில் நின்று வடிவாகப் பார்த்தேன். சுட்டியனுக்குப் பின்னால் பச்சைக் கேற். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு. இவர் இருந்த காலத்தில் அந்த இடத்தில் கம்பியால் கட்டிய பழைய மரக்கேற் ஒன்றுதான் கிடந்தது. திறக்கும்போது மண்ணில் இழுபடும். அதை மாற்றும் மாற்றும் என்று நான் சொல்ல, "அடுத்த வருசம் பாப்பம்" என்று அண்ணனும் தம்பியும் ஒரே வாயால் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பச்சைக் கேற்றை நீர் போட்டது இவர் செத்த அடுத்த வருசம்.

செத்தவரைக் குத்தின மான், செத்தவருக்குப் பிறகு போட்ட கேற்றடியில் நின்று படத்துக்கு முகம் காட்டுகிறது. பழைய படம் என்று யாருக்கு எழுதுகிறீர்? 1991இல் கொழும்பிலிருந்து எனக்கு வந்த நீலச் சீலையை உமது அக்கா எடுத்துக் கட்டிக்கொண்டு கல்யாணவீட்டுக்குப் போனபோதும் "அது வேறை சீலை அண்ணி" என்று சொன்ன வாய்தான் இது. கரையில் அன்னம் இருந்தது. நான் மறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை ரதிக்குச் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் கொண்டுபோவாள். கண் டொக்டரிடம் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டாள்.

இவர் வருகிறார்.

எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு, மத்தியானம் நான் தனியாகச் சாப்பிட இருக்கும் நேரம். முதலில் ஈர வைக்கோல் மணம். பிறகு குசினிக்குள் சட்டி மூடி தூக்குகிற சத்தம். உமக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தவுடன் என்ன கறி என்று கேட்கமாட்டார், தானே மூடியைத் தூக்கிப் பார்ப்பார். தூக்கிவிட்டுத் திரும்பவும் மெதுவாக வைக்கிறது கேட்கும். நான் எழும்பிப் போனால் ஒருவரும் இல்லை. மூடி சற்று விலகியிருக்கும்.

பயமா என்று கேட்பீர். நாற்பத்தேழு வருசம் ஒன்றாகக் கிடந்த மனுசனுக்கு என்ன பயம்? வெட்கமாக இருக்கிறது, ரத்தினம். பசியோடு வந்து சட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். மீன் வைத்தேன், நண்டு வைத்தேன், அவருக்கு விருப்பமான இறால் சொதி வைத்தேன். தொடவில்லை. அவருக்குச் சேரவேண்டியது வந்து சேரவில்லை. எட்டுச்செலவில் அவருக்கு முன்னால் பொய்யை இலையில் போட்டுப் படைத்திருக்கிறோம். நீர் கொண்டுவந்தீர், நான் சமைத்தேன்.

உமது வாக்குத்தாள் மேசையில் கிடக்கிறது. சுட்டியன் வெட்டுமிடத்துக்குப் போனபிறகு கையெழுத்து வரும். அதுவரை வராது.

தவமணி


லின்சேக்கு வடக்கே
9 ஒக்ரோபர் 2024

அண்ணி,

ஓம். உயிரோடு நிற்கிறான்.

இப்போது உண்மையை எழுதுகிறேன்.

அண்ணை போன மூன்றாம் நாள் வெட்டுமிடத்துக்குப் போன் எடுத்தேன். மதம் பிடித்து நிற்கிற ஆண்மானைக் கொண்டுவராதே, இறைச்சியை மனுசர் வாயில் வைக்க ஏலாது, விற்கவும் விடமாட்டோம் என்றார்கள். விற்க இல்லை, வீட்டுக்கு என்றேன். ஏன் என்று கேட்டார்கள். என் அண்ணையைக் கொன்றது, அவருக்கே படைக்கவேண்டும் என்று இங்கிலிசில் எப்படிச் சொல்வது? சொல்லிப்பார்த்தேன். பிறகு, "ஐ ஆம் சொறி போர் யுவர் லொஸ்" என்று வைத்துவிட்டார்கள்.

அதனால் இளம் பெண்மான் ஒன்றை அனுப்பினேன். நீங்கள் இருந்த இருப்பில் இல்லை என்று வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதகாலம் முடியச் செய்வோம் என்று நினைத்தேன். முடிந்தது. செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அண்ணி, நீங்களும் அறிவீர்கள். தாய் செத்த குட்டியாக அவனை அண்ணை மில்லிக்கனுக்குக் காரில் கொண்டுவந்தபோது, உங்கள் குசினியில், அடுப்படியில், நிலாணியின் பழைய கம்பளிக்குள் வைத்து, போத்திலில் பால் கொடுத்தது நீங்கள். சுட்டியன் என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். "எங்கடை ஊரிலை மாட்டுக்கு வைக்கிற பேரை மானுக்கு வைக்கிறாள்" என்று அண்ணை சிரித்தார். போத்தில் பால் குடித்து வளர்ந்த ஆண்மானுக்கு மனுசரில் பயம் இல்லை. மதம் பிடித்தால் மனுசனையும் இன்னொரு ஆண்மான் என்று நினைக்கும். இங்கே மான் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம் இது. அப்படி வளர்த்த ஆண்குட்டியை ஒருவரும் பெரிசாக வளரவிடமாட்டார்கள். வளர்த்தாலும் கொம்பு தோல் மூடிப் பிஞ்சாக இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். அண்ணை அறுக்க விடவில்லை. "வீட்டுப் பிள்ளையடா" என்றார். அன்றைக்கும் வீட்டுப் பிள்ளையிடம் போகிறதுபோலத்தான் வாளியைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மதம் இல்லாத காலத்தில் இப்போதும் நான் வாளியைக் குலுக்கினால் ஓடிவருகிறான். வந்து என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் பார்க்கிறான். வரவேண்டிய ஆள் இன்னும் வரவில்லை என்பதுபோல நிற்கிறான். அந்தப் பார்வையை வண்டியில் ஏற்ற என்னால் முடியவில்லை. படம் எடுக்க வந்தவனும் அதைத்தான் எடுத்தான். "இவன் எதையோ தேடுறான், அதுதான் படத்துக்கு நல்லம்" என்றான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

இப்போது மதகாலம் தொடங்கிவிட்டது. பகல் முழுக்க உறுமுகிறான். நீங்கள் ஈர வைக்கோல் மணம் என்று எழுதியதை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். நான் சிரிக்கவில்லை.

ஒரு விசயம் மட்டும் கேட்கிறேன். பக்கத்துக் காணியை சீமோன் என்று ஒரு மன்னார் ஆள் வாங்கியிருக்கிறார். அஜக்ஸில் வெல்டிங் வேலை செய்து சேர்த்த காசு. மனுசி அன்ரனெற், மூன்று சின்னப் பிள்ளைகள். மான் பற்றி ஒன்றும் தெரியாது. கேற் இல்லை, ஒழுங்கை இல்லை. மதம் பிடித்த மானுக்கு முன்னால் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு போகிறார். "என்ன சீமோன் உது?" என்றால் "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார் அண்ணை" என்கிறார். "கர்த்தர் கேற் போட்டுத் தரமாட்டாரடா" என்று பேசினேன். அவருடைய பேர் உதவிப்பணத்துக்கு அடுத்ததாக இருக்கிறது. லெவி தோற்றால் கிடைக்காது. போன முறை ஒரு சில வாக்கில்தான் தப்பியது.

என்னோடு இருக்கிற கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இராசரத்தினம்


மில்லிக்கன்
21 ஒக்ரோபர் 2024

இராசரத்தினம்,

பால் கொடுத்தது நான் என்று எழுத உமக்கு இரண்டு வருசம் பிடித்திருக்கிறது. செத்தவீட்டிலேயே அதைச் சொல்லிவிடுவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டது இரக்கம் என்று நினைத்தீராக்கும். அது இரக்கம் இல்லை. சேர்த்து வைத்தீர்.

ஓம், கொடுத்தேன். பசியோடு கத்துகிற குட்டிக்குப் பால் கொடுக்காமல் விடச்சொல்லி எந்தச் சங்கம் சட்டம் போட்டிருக்கிறது? வளர்ந்தபிறகு என்ன செய்வது என்று முடிவெடுத்தது கொம்பு முளைத்த இரண்டு ஆம்பிளைகள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறு என்றிருப்பேன். எங்கள் வீட்டில் நாம்பன் மாடுகளுக்குக் கொம்பு தீய்க்கும்போது பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

உமது கடிதத்தை மத்தியானம் சத்தமாக வாசித்தேன். குசினியைப் பார்த்து வாசித்தேன். மூடிச் சத்தம் நின்றது. அந்தத் தும்புத்தடி இடம் வந்தபோது அவர் சிரித்ததுபோல இருந்தது. இருந்ததோ, இல்லையோ. அவர் சிரித்தால் மூக்கால் காற்று விடுவதுதானே.

ரதியிடம் அந்த மன்னார் ஆளின் மனுசியின் நம்பரை வாங்கித்தரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கதைத்தேன். "உங்கடை மனுசன் உள்ளுக்குப் போகேக்கை நீர் என்ன செய்யிறனீர்?" என்று கேட்டேன். "யன்னலடியிலை நிண்டு செபமாலை சொல்லுறனான் அன்ரி. அவர் வெளியிலை வாற வரைக்கும் சொல்லுவன்" என்றாள். "செபமாலையை விட்டிட்டு, பின்வளவிலை காரை ஸ்ராட் பண்ணி வைச்சிரு பிள்ளை" என்று சொன்னேன். அழுதாள். நான் ஆறுதல் சொல்லுகிற ஆள் இல்லை, வைத்துவிட்டேன்.

வாக்குத்தாளில் கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன். உமக்காக இல்லை. அந்தப் பிள்ளை யன்னலடியில் நிற்கிறதுக்காக. சுட்டியனுக்காகக் கையெழுத்தைப் பிடித்து வைத்திருப்பேன் என்று எழுதினேன். அதை எடுத்துவிட்டேன். பண்டமாற்று இல்லை.

ஆனால் கேட்டது கேட்டதுதான். அவர் இன்னும் பசியோடு வருகிறார். இன்றைக்கும் வந்தார். நீர் செய்கிறதும் விடுகிறதும் இனி உமக்கும் அவருக்கும் இடையில்.

தவமணி


லின்சேக்கு வடக்கே
2 டிசெம்பர் 2024

அண்ணி,

வாக்கில் வென்றோம். மயிரிழை. சீமோனுக்கு வசந்தகாலத்தில் கேற் வரும். அன்ரனெற் உங்களுக்கு கேக் அனுப்பப்போகிறாவாம். நீங்கள் ஏசினதை எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறா.

கையெழுத்தை நீங்கள் பிடித்து வைத்திருந்தால் நான் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்திருப்பேன். அனுப்பிவிட்டீர்கள். அதன் பிறகு எனக்குச் சொல்ல ஒரு சாட்டும் இருக்கவில்லை.

மதம் அடங்கி, மெலிந்து, விலா எலும்பு தெரிய நின்றான். வண்டியைப் பின்னுக்கு விட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். சீமோன் உதவிக்கு வந்தார், தேவைப்படவில்லை. வாளியைக் குலுக்கினேன். குட்டியாக உங்கள் குசினிக்குள் வந்ததுபோல, தலையைத் தாழ்த்திக்கொண்டு தானே ஏறினான். உள்ளே நின்று திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தான். நான் கதவைச் சாத்தினேன்.

வெட்டுமிடத்தில் மற்ற மான்களைப் போலத்தான் நடந்தது. நிறுத்தார்கள், பரிசோதித்தார்கள், அவன் தலைக்கும் லெவி கழித்தார்கள். அந்தக் கடையில் படத்தில் நிற்கிறவனும் இவனும் ஒன்றென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. "திஸ் வன்ஸ் கோயிங் ரு பி ரஃப்" என்றான் வெட்டுகிற பெடியன். ஓம், கடுமையாகத்தான் இருக்கும் என்றேன்.

பொதியை ரதி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவாள். இந்த முறை நீங்கள் என்னிடம் கேட்கத் தேவையில்லை. பொதியைத் திறந்தால் மணம் சொல்லும்.

இராசரத்தினம்


மில்லிக்கன்
15 டிசெம்பர் 2024

ரத்தினம்,

பொதியைத் திறக்குமுன்பே மணம் சொல்லிவிட்டது. இறைச்சியை மஞ்சளில் ஊறவைத்தேன், தேசிப்புளி விட்டேன், கறித்தூளை இரட்டிப்பாகப் போட்டேன். மொச்சை ஒன்றுக்கும் அடங்கவில்லை. அரைநாள் கொதித்தும் நார் நாராகத்தான் கிடந்தது. மொச்சை மாடிப்படி ஏறி நிலாணியின் அறைக்குப் போய், அந்தப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். ரதி பனிக்குளிருக்குள் யன்னல் எல்லாம் திறந்தாள். "அம்மா, இதை ஆர் சாப்பிடுறது?" என்றாள். "கேட்ட ஆள் சாப்பிடுவார், நீ வெளியிலை போ" என்றேன்.

இலை போட்டேன். சோறு, அந்தக் கறி, ஒரு கிளாஸ் சாராயம். அவருடைய படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியில் இருந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்க்கும்போது எல்லாம் வைத்தபடி. சோற்றில் ஆவி அடங்கியிருந்தது, அவ்வளவுதான். நானும் ஒரு வாய் தின்றேன். விழுங்கினேன். பால் கொடுத்த கைதானே, என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் இருந்தேன். அதற்கடுத்த நாளும் இருந்தேன். மூடியை நானே சற்று விலக்கி வைத்துப் பார்த்தேன். வைக்கோல் மணம் இல்லை. மொச்சையும் போய்விட்டது. குளிர்ப்பெட்டி உறுமுகிறது, அது மட்டும்தான் கேட்கிறது. செத்தவர் பசியாறிப் போனால் உறவுக்காரர் நிம்மதி அடைவார்களாம். எந்த மடையன் சொன்னது?

இந்த இரண்டு வருசமும் மத்தியானத்துக்கு மத்தியானம் எனக்கு ஆள் இருந்தது, ரத்தினம். பசியோடு என்றாலும் வந்தார். நானே வயிறு நிரப்பி வழியனுப்பிவிட்டேன். நீர் பொய் சொல்லி வேறு இறைச்சி தந்த காலம்தான் எனக்கு நல்ல காலம் என்று இப்போது விளங்குகிறது. நான் கேட்டதை நீர் ஏன் கொடுத்தீர்? எத்தனையோ தரம் நான் கேட்டதைக் கொடாத ஆள்தானே நீர்!

கேக் வந்தது. இனிப்புக் கூடிவிட்டது.

தவமணி


லின்சேக்கு வடக்கே
22 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

என்ன எழுதுவதென்று தெரியாமல் உங்கள் கடிதத்தை தீனிக் கொட்டிலில் வைத்தும் வாசித்தேன், வீட்டில் வைத்தும் வாசித்தேன். ஆறுதல் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

சுட்டியன் போனபிறகு அந்தக் காணி வெறுமையாகக் கிடக்கிறது. பெண்மான்கள் வேலிக்கு இந்தப் பக்கம். மத்தியானத் தீனிக்கு நான் போகும்போது அவை வாளியைப் பார்த்து ஓடிவரும், அதுதான் பழக்கம். இப்போது இரண்டு கிழமையாக ஓடிவருவதில்லை. ஒன்றாகத் தலையைத் தூக்கி, காதை முன்னுக்கு விட்டு, வெறுங்காணியின் கேற்றடியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பயந்து நிற்கவில்லை. பயந்தால் கால் நிலத்தில் நிற்காது. தெரிந்த ஆள் வருவதைப் பார்ப்பதுபோல நிற்கின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தீனிக்கு வருகின்றன.

சீமோனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டார். "நரி கிரி வந்திருக்குமோ அண்ணை?" என்றார். பனியில் போய்ப் பார்த்தோம். நரிக்கால் இல்லை. வேறு காலடியும் இல்லை.

நான் ஒன்றும் பார்க்கவில்லை, அண்ணி. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவும் இல்லை. மான்கள் பார்க்கின்றன. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒருமுறை சொன்ன பொய்யே போதும்.

இராசரத்தினம்


மில்லிக்கன்
30 டிசெம்பர் 2024

ரத்தினம்,

அவர் எங்கே போயிருக்கிறார் என்று பார்த்தால் அங்கேதான் போயிருக்கிறார். பசி ஆறினதும் நேரே மானிடம். உயிரோடு இருந்தபோதும் அதுதானே, சாப்பிட்ட கை ஈரம் காயமுன்னம் காரை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடுவார். என்னை வா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ரதி கொண்டுவந்து விடுவாள். அந்த மண்ணில் கால் வைப்பதில்லை என்று சொன்னவள்தான் நான், ஞாபகப்படுத்த வேண்டாம். பாயும் தலையணையும் நானே கொண்டுவருவேன். உமது அக்காவுக்கு அறிவிக்கவேண்டாம். சமையல் நான் செய்வேன், நீர் உப்புப் பார்க்கிறேன் என்று குசினிக்குள் வரக்கூடாது. உம்மோடு எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அதில் ஒன்றும் குறையவில்லை.

மத்தியானத் தீனிக்கு முன்னம், அந்தப் பெண்மான்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி எனக்கு ஒரு கதிரை போட்டுவிடும்.

தவமணி